தங்கை பி.எஸ்.டபிள்யூ. படிக்கிறேன் என்கிறாள்: நெல்லைப் பக்கம் படித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

திருப்பூர் முக்கூடலான்

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் முக்கூடல். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள், காமர்ஸ் குரூப், மார்க்கும் குறைவில்லை. பாளையங்கோட்டையில் பி.காம். சேர்த்துவிடலாம் என்று இருந்தோம். அவளோ பி.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணிப் பட்டப்படிப்புதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளோடு ஒன்பதாம் வகுப்பு படித்த பிள்ளைக்குக் கல்யாணம் பேசியபோது யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல, ஒரு அக்கா வீட்டுக்கே வந்து பேசி நிறுத்தினாராம். அன்றைக்குப் பிடித்த பிடி.

அம்மா பீடி சுற்றுகிறாள். அப்பா சமையல் வேலைக்குப் போகிறார். அவர் சொல்வது இது: "சேவை செய்யதுக்கு ஃபீஸ் கட்டிப் படிக்கணுமால? ஜங்ஷன்ல இருக்க ஃப்ளெக்ஸ்ல பாதிப் பேரு சமூக சேவகர்னுதான் போட்டிருக்கான். அவனெல்லாம் எந்தக் காலேஜுல படிச்சான்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள், வேலை உண்டா, அதன் முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. வரை போகாமல் நிறுத்தினால் மதிப்பு இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நேர்வழி நெல்லை

தம்பி, அப்பா கேட்டதில் தப்பே இல்லை. நான் தொண்டு நிறுவனத்தில் கணக்கராக இருந்தவன். களப்பணியாளர்களுக்குச் சம்பளம் போட்டது இந்தக் கைதான். திட்டம் மூன்று வருஷம் என்றால் சம்பளமும் மூன்று வருஷம். அதற்கு மேல் அடுத்த நிதி வருமா என்று மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்களே, அது இன்னொரு அடி. வருகிற பணத்தில் 50 சதவீதம் வரை நிர்வாகச் செலவு செய்யலாம் என்று இருந்ததை 20 ஆக்கிவிட்டார்கள். ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். பெரிய நிறுவனத்திடம் வாங்கிக் கிராமத்தில் வேலை பார்த்த சின்ன அமைப்புகள் படுத்ததற்கு அது ஒரு காரணம். பி.காம். படித்தால் டாலி கணக்கு மென்பொருள் தெரிந்தவள் என்றாவது ஒரு கடையில் உட்கார்ந்துகொள்ளலாம்.

பொதிகைக்காரி

நான் பி.எஸ்.டபிள்யூ., அப்புறம் எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டுக் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். தொகுப்பூதியம்தான். நேர்வழி அண்ணாச்சி சொன்ன சம்பளக் கதையை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பா கேட்டது வேறு கேள்வி. அதற்கு ஒரு கேஸைச் சொல்கிறேன், அடையாளம் எல்லாம் மாற்றிவிட்டுத்தான்.

ஏழாம் வகுப்புப் பையன் பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஃப்ளெக்ஸ் சேவகர் என்றால் நோட்டும் பையும் வாங்கிக்கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். பையனிடம் நோட்டு இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அம்மாவுக்குப் புற்றுநோய், பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். அப்பா ராத்திரி அங்கே, பகலில் கொத்தனார் கையாள். ரெண்டு வயசுத் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இவனை விட்டால் ஆள் இல்லை. அவன் படிப்பை வெறுக்கவில்லை, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான். அத்தை ஒருத்தி ரெண்டு தெரு தள்ளி இருக்கிறார், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தச் சண்டையை விசாரித்து, அவரை ஆறு மாதத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கவைப்பது ஒரு வேலை. தலைமையாசிரியரிடம் பேசிப் பெயரை வெட்டாமல் வைப்பது இன்னொன்று. பெற்றவர்களுக்கு உயிருக்கு ஆபத்தான நோய் என்றால் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா குழந்தைகள் நலத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம். அதற்கு விசாரணை அறிக்கை எழுதி மாவட்டக் குழுவில் வைக்க வேண்டும். அந்த அறிக்கை ஒழுங்காக இல்லையென்றால் ஃபைல் அப்படியே கிடக்கும்.

இதைத்தான் மூன்று வருஷம் சொல்லிக்கொடுக்கிறார்கள். தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு என்று மூன்று முக்கியமான முறைகள். கூடவே சமூகநல நிர்வாகம், ஆராய்ச்சி, சமூகச் செயல்பாடு. சமூகவியலும் உளவியலும் கொஞ்சம், சட்டம் நிறைய. எல்லா டிகிரி மாதிரி தமிழ், ஆங்கிலம் தாள்களும் உண்டு. ஆனால் பாதிப் படிப்பு வகுப்பறைக்கு வெளியேதான் நடக்கும்.

ஐந்தாம் செமஸ்டர்

அந்த வெளியே நடக்கிறதைப் பற்றி நான் சொல்கிறேன் அண்ணா. இப்போது அதில்தான் கிடக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் முதலில் சும்மா கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்கள்: முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, பஞ்சாயத்து ஆபீஸ் என்று. அப்புறம் வாரம் ரெண்டு நாள் ஒரு அமைப்பில் போட்டுவிடுவார்கள். போன அன்றைக்கே அறிக்கை எழுத வேண்டும். அதை மேடம் படித்துக் கையெழுத்துப் போட்டு, தனியாக உட்காரவைத்துப் பேசுவார். செமஸ்டர் முடிவில் வெளியே இருந்து ஆள் வந்து வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு எடுப்பார்கள். நோட்டில் இல்லாததைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

என்னை மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களிடம் அனுப்பினார்கள். முதல் நாள் கணக்கெடுப்பு ஃபாரத்தைப் பையை விட்டு வெளியே எடுக்கக் கூடாது என்பது எங்கள் மேடம் போட்ட சட்டம். நடையில் உட்கார்ந்தேன். ஒரு அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். இலையில் தூளைத் தூவி, உருட்டி, நுனியை உள்ளே மடக்கி, நூலைச் சுற்றி அறுக்கிற வரைக்கும் கண் நிமிரவில்லை. கேள்வி எல்லாம் அவர்தான் கேட்டார். "எந்த ஊரு? அப்பா என்ன செய்யாவ? இதப் படிச்சா என்ன வேலை தருவாவ?" அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே, வெட்டிப் போட்ட இலைத் துண்டைக் கூட்டி ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம்தான் அவராகப் பேச ஆரம்பித்தார். ஆயிரம் பீடிக்கென்று தருகிற இலை ஆயிரத்துக்குக் காணாது, பாதி இலை ஓட்டையும் கிழிசலுமாக இருக்கும், குறையை வெளியே கைக்காசு போட்டு வாங்கிச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றிக் கொடுத்ததிலும் சரியில்லை என்று ஒரு பிடியை எடுத்து ஒதுக்கிவிடுவார்கள், அதற்குக் கூலி கிடையாது. "குடும்ப மாத வருமானம்" என்று ஃபாரத்தில் ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. இதை எந்தக் கட்டத்தில் எழுத? மேடம் சொன்னார், கட்டத்தில் வராததைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும் என்று.

பழைய மில் ஆள்

தம்பி நன்றாகச் சொன்னான். நான் பஞ்சாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் இந்தப் படிப்புக்கு மவுசு வந்ததே ஆலைகளால்தான், அதைக் கொஞ்சம் சொல்லிவைக்கிறேன்.

நம் நாட்டில் இது பம்பாயில் ஆரம்பித்தது. கிளிஃபர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1926-ல் நாக்பாடா பகுதியில் ஆலைத் தொழிலாளர் நடுவே ஒரு நிலையம் தொடங்கினார். அவரை இயக்குநராக வைத்து 1936-ல் சர் தோராப்ஜி டாடா பெயரில் சமூகப்பணிப் பள்ளி வந்தது. இன்றைக்கு டிஸ் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார். நடுவில் 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்று அதன் 49-ஆம் பிரிவு சொன்னது. சட்டம் ஆளைக் கேட்டது, கல்லூரிகள் ஆளைத் தந்தன. விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலை, தாழையூத்து சிமெண்ட் ஆலை என்று நம் பக்கமே பெரிய ஆலைகள் இருந்தன அல்லவா, எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவனுக்குப் பெண் கொடுக்க யோசித்ததில்லை. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 500-ஐ 250 ஆக்கியிருக்கிறார்கள். அதனால் இந்தக் கதவு மூடிப்போகவில்லை.

ஆனால் ஒன்று. நல அலுவலர் வேலைக்குப் பெரும்பாலும் முதுகலை கேட்பார்கள். மனநல சமூகப்பணிக்கு இன்னும் மேலே, எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற இடத்தில் அதற்கென்றே மேற்படிப்பு படித்து மாநில மனநல ஆணையத்தில் பதிய வேண்டும். பி.எஸ்.டபிள்யூ.வோடு நிறுத்தினால் களப்பணியாளர், ஒருங்கிணைப்பாளர் மட்டத்தில்தான் ஆரம்பிக்க முடியும்.

நேர்வழி நெல்லை

அண்ணாச்சி, எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்த டிகிரி இருந்தாலும் எடுத்துக்கொள்கிறார்களே. பி.காம். முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. போனால் ரெண்டு கையிலும் லட்டு. எதற்கு பி.எஸ்.டபிள்யூ.?

அப்புறம், வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, நர்ஸுக்குக் கவுன்சில் இருக்கிறது. எல்லாச் சமூகப்பணியாளருக்கும் பொதுவாக நம் நாட்டில் அப்படி ஒரு கவுன்சில் இருக்கிறதா? பதிவு எண் உண்டா? இல்லை. அதனால்தான் யார் வேண்டுமானாலும் ஃப்ளெக்ஸ் போட்டுக்கொள்கிறான். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் சட்டத்தில் வித்தியாசம் இல்லையென்றால் மூன்று வருஷம் எதற்கு?

பொதிகைக்காரி

கவுன்சில் விஷயம் உண்மைதான். எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், சட்டம் வந்தபாடில்லை. எங்கள் சம்பளம் ஏறாமல் கிடப்பதற்கு அது பெரிய காரணம்.

பி.காம்.-க்குப் பிறகு எம்.எஸ்.டபிள்யூ. என்பதும் நல்ல வழிதான், எத்தனையோ பேர் அப்படி வந்து நன்றாக வேலை பார்க்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் களத்தில் கிடைப்பது ரெண்டே வருஷம். என்னோடு எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்தவர்கள் முதல் செமஸ்டரில் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது, எப்போது எழுந்து வருவது என்று பழகிக்கொண்டிருந்தபோது, பி.எஸ்.டபிள்யூ. முடித்து வந்தவர்கள் நேராக கேஸுக்குள் போய்விட்டோம். பதினெட்டு வயசில் பழகுவதும் இருபத்தொன்றில் பழகுவதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம்.

டிகிரி என்ற வகையில் பி.எஸ்.டபிள்யூ. எந்த டிகிரிக்கும் குறைந்ததில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதலாம். குற்றம் செய்தவர்கள் திருந்தி வாழ்கிறார்களா என்று பார்க்கிற நன்னடத்தை அலுவலர் என்ற பதவியே அந்தத் தேர்வில்தான் வருகிறது, 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டப்படி வேலை. நம் பிள்ளைகள் பாளை மத்திய சிறையைப் பேருந்தில் கடந்து போவார்கள், அதற்குள்ளும் ஒரு சமூகப்பணி இருக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆய்க்குடிப் பக்கம்

மாற்றுத்திறனாளிகள் துறையை யாரும் சொல்லவில்லையே. நம் சீமையில் இந்த வேலைக்கு நெடிய பழக்கம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மிஷனரிப் பெண்கள் தொடங்கியவை. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981-ல் தொடங்கியது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிசியோதெரபிஸ்ட், சிறப்பு ஆசிரியர், சமூகப்பணியாளர் எல்லாரும் ஒரே பிள்ளையைச் சுற்றி எப்படி வேலை பிரித்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் அந்த மாதிரி இடத்தில் களப்பணி கிடைக்க வேண்டும். புத்தகத்தில் அது வராது.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். களப்பணி என்ற பெயரில் சில கல்லூரிகள் செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கிராம முகாம் என்று பிள்ளைகளை அழைத்துப் போவார்கள். பேனர் கட்டுவார்கள், பஸ் நிறுத்தத்தைக் கூட்டுவார்கள், மரக்கன்று நடுவார்கள், பேரணி, கண் சிகிச்சை முகாம், கடைசி நாள் பஞ்சாயத்துத் தலைவருக்குச் சால்வை. கன்று காய்ந்துபோகும். அந்த ஊரில் எத்தனை வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

இதற்கு மாறாகவும் பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் பக்கம் மாணவர்கள் ஒரு குழுவாக வந்தார்கள். அரிசி மூட்டையோடு ஏற்கெனவே வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. இவர்கள் வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் ரேஷன் கார்டு போயிற்று, யாருடைய பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் ஊறிப்போயிற்று, யாருக்குச் சர்க்கரை மாத்திரை, வலிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நோட்டில் எழுதினார்கள். அரிசி யாரும் கொடுத்துவிடுவார்கள். வலிப்பு மாத்திரை ரெண்டு நாள் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவன்தான் அதைக் கேட்பான்.

திருப்பூர் முக்கூடலான்

ரொம்ப நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. அப்பாவுக்குப் பொதிகை அக்கா எழுதினதை போனில் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பையன் இப்பம் பள்ளிக்கூடம் போறானா?" என்று மட்டும் கேட்டார்.

லிங்கைத் தங்கைக்கும் அனுப்பியிருக்கிறேன். அவளே எழுதுகிறாளாம்.

சின்னவள்

வணக்கம். தங்கச்சி நான்தான். அண்ணன் கேட்டது எல்லாம் வேலை பற்றி. எனக்கு வேறு ரெண்டு சந்தேகம்.

நம் பக்கம் புதுசாக யாரைப் பார்த்தாலும் முதலில் எந்தத் தெரு, யார் மகள் என்றுதான் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அப்புறம் நான் என்ன பேசினாலும் அந்தச் சாதிக்காரி பேசுகிற மாதிரிதான் இருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே கையில் கட்டுகிற கயிற்று நிறத்தை வைத்து பெஞ்சு பிரிந்திருந்தது. இப்படி ஊரில் சொந்த ஆட்களுக்கு நடுவே இந்த வேலை செய்ய முடியுமா?

ரெண்டாவது, ஒரு பிள்ளை என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு "யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்றால் என்ன செய்வது? ரகசியம் காக்க வேண்டும் என்று படிப்பில் இருக்கிறதாமே.

நேர்வழி நெல்லை

பாப்பா, முதல் கேள்விக்கு என் பதில்: ஊரை விட்டு வெளியே போய் வேலை பார். திண்டுக்கல், கிருஷ்ணகிரி எங்கேயாவது. அங்கே உன் தெரு யாருக்கும் தெரியாது. இந்தப் படிப்பு வேண்டாம் என்றுதான் இன்னும் சொல்வேன், ஆனால் கேட்கிற கேள்வி நல்ல கேள்வி.

பொதிகைக்காரி

சின்னவளுக்கு. ரெண்டாவது கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீஸுக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும். 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் அதுவே குற்றம். ரகசியம் காப்பேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் பிள்ளை உன்னைப் பொய்க்காரி என்று நினைக்கும். அதனால் பேச உட்காரும்போதே, "நீ சொல்றதைத் தேவையில்லாம யார்ட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உனக்கு ஆபத்துன்னா உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லிவிட வேண்டும். மாணவியாக இருக்கும்போது இதைத் தனியாகத் தூக்கிச் சுமக்கவும் கூடாது. அமைப்பில் உள்ள பொறுப்பாளர், கல்லூரி மேற்பார்வையாளர் ரெண்டு பேருக்கும் அன்றைக்கே தெரிய வேண்டும். ராத்திரி ஆகிவிட்டால் 1098 இருக்கிறது.

முதல் கேள்விக்கு அவ்வளவு நேரான பதில் இல்லை.

பி.எஸ்.டபிள்யூ. படிக்கும்போது களக்காட்டுப் பக்கம் ஒரு ஊரில் பங்கேற்பு வரைபடம் போட்டோம். ஊர்ப் பெண்களே தரையில் கோலப்பொடியால் தங்கள் ஊரை வரைய வேண்டும், நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அம்மன் கோவில் திடலில் உட்கார்ந்து உற்சாகமாக வரைந்தார்கள். கோவில், குளம், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி. ஒரு பாட்டி, "ஏட்டி, பால்வாடி அந்தப் பக்கம்லா" என்று காலால் அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். வீடெல்லாம் வந்தது, ஆடு கட்டுகிற தொழுவம்கூட வந்தது. கிழக்கே ஓடையோடு கோடு நின்றுவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் நாற்பது வீட்டுக்கு மேல் இருப்பதை வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம். "ஊரு முடிஞ்சிட்டா பாட்டி?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "முடிஞ்சிட்டு தாயி" என்றார், ரொம்ப சாதாரணமாக.

அந்தக் குழுவில் ஓடைக்கு அந்தப் பக்கம் போன்ற தெருவிலிருந்து வந்த பெண்ணும் இருந்தாள். அவளுக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் நாங்கள் வாதம் செய்வோம். திடலில் வைத்து எதுவும் சொல்லவிடவில்லை. மறுநாள் ஓடைக்கு அந்தப் பக்கம் போய் அந்தப் பெண்களிடம் இன்னொரு வரைபடம் போடச் சொன்னார். அதில் ரெண்டு பக்கமும் இருந்தது, எந்தக் குழாயில் அவர்கள் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்பது உட்பட. ரெண்டையும் பிரதி எடுத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் தண்ணீர்க் குழாய் மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். குழாய் வந்தது. கோடு அப்படியேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தெருவைக் கேட்டால் நான் சொல்லிவிடுவேன். மறைத்தால் அடுத்த ஆளிடம் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள், அப்புறம் நம்பிக்கை போய்விடும். உள்ளூர் ஆளாக இருப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. டீக்கடையில் யார் எந்தப் பெஞ்சில் உட்காரவில்லை, கோவில் கொடை விழாவுக்கு யார் வீட்டில் வரி வாங்குவதில்லை என்று வெளியூர்க்காரருக்கு ஆறு மாதம் ஆனாலும் தெரியாது. நமக்குப் போன உடனே தெரியும். முதல் வேலை மட்டும் சொந்த வட்டாரத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. அந்த அளவுக்கு நேர்வழி அண்ணாச்சியோடு ஒத்துப்போகிறேன்.

பழைய மில் ஆள்

கயிறு விஷயம் சொன்னாளே பிள்ளை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். நிறக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றதைத்தான் எல்லாரும் பேசினார்கள். பள்ளி நல அலுவலர் என்று தனிப் பதவி வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பதை யாரும் பேசவில்லை. ராகிங், போதை, சாதிப் பிரச்சினை எல்லாம் கவனிக்க ஆள் வேண்டும் என்பதற்காக. ஆலைக்கு நல அலுவலர் வேண்டும் என்று 1948-ல் தெரிந்தது, பள்ளிக்கூடத்துக்கு வேண்டும் என்று சொல்ல இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அந்தப் பதவிகள் முழுசாக வந்தால் அதற்குப் பொருத்தமான ஆள் இந்தப் பிள்ளை மாதிரிதான் இருக்கும்.

திருப்பூர் முக்கூடலான்

சரி, சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டோம். எந்தக் கல்லூரி என்று எப்படிப் பார்ப்பது? எல்லா நோட்டீஸும் ஒரே மாதிரி இருக்கிறது.

ஐந்தாம் செமஸ்டர்

அண்ணா, கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அந்தப் படிப்பு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக இணைப்பில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் துறைக்கே போய் ஒரு சீனியரிடம் களப்பணி நோட்டைக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் ரெண்டு மூன்று பேருடையதை. எல்லார் அறிக்கையும் ஒரே மாதிரி, "மக்கள் நன்கு ஒத்துழைத்தனர்" என்று முடிந்தால் அங்கே வேண்டாம். சிவப்பு மையில் கேள்வி கேட்டிருந்தால், ஓரத்தில் சண்டை போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்கள் என்றும் கேளுங்கள். முப்பது நாற்பது பேர் என்றால் யாரும் நோட்டைப் படிக்கப் போவதில்லை.

செலவு என்று பார்த்தால் களப்பணி நாளில் பஸ்ஸும் சாப்பாடும்தான். தங்கச்சிக்குச் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் காசு கிடையாது, மற்ற பஸ்ஸில் உண்டு.

பொதிகைக்காரி

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தருகிற உதவித்தொகை தனி, தேசிய ஸ்காலர்ஷிப் இணையதளத்தில் போட வேண்டும். அதற்கு அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும். இருக்கிறதா?

சின்னவள்

அட்டை இருக்கிறது அக்கா. ஆனால் அதில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. பி.எஃப். கணக்கிலும் அட்டையில் உள்ள மாதிரிதான் இருக்கிறது. அதனால் பி.எஃப். பணம் எடுக்கப் போனபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் நாலைந்து பேருக்கு இதே கதை. பெயரைச் சின்னதாகச் சொல்லி எழுதவைத்திருக்கிறார்கள், அப்போது யாரும் கேட்கவில்லை.

பழைய மில் ஆள்

இது சரிசெய்யக்கூடியதுதான் மகளே. கூட்டு உறுதிமொழி என்று ஒன்று இருக்கிறது. தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து, ரெண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று பி.எஃப். அலுவலகத்துக்கு எழுதிக்கொடுப்பது. பழைய கணக்கென்றால் கம்பெனி ஒப்புதல் இல்லாமல் பெரும்பாலும் நகராது, அதனால் அம்மா பீடி கொடுக்கிற இடத்திலேயே முதலில் கேளுங்கள். ஆதார், அட்டை, ரேஷன் கார்டு மூன்றின் நகலும் எடுத்துவையுங்கள். பெயர் ஒத்துப்போன பிறகு ஸ்காலர்ஷிப்புக்குப் போடுங்கள், இல்லையென்றால் அதுவும் திரும்பி வரும்.

அந்த நாலைந்து பேரையும் சேர்த்து ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். தனித்தனியாகப் போனால் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள், ஐந்து பேராக நின்றால் அன்றைக்கே ஃபாரம் கொடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் இங்கே கேளுங்கள், ஆனால் அம்மாவுடைய ஆதார் எண்ணையோ பி.எஃப். எண்ணையோ இங்கே போட்டுவிடாதீர்கள்.